தொய்ந்த இழையும் பொட்டாசியம் குமிழிகளும்: டங்ஸ்டன் சூட்டில் நிமிர்ந்து நின்ற கதை

டங்ஸ்டன் உருக 3422 டிகிரி செல்சியஸ் வேண்டும். உலோகங்களில் இதுதான் உச்சம். ரேனியம் 3186, டான்டலம் 3017, மாலிப்டினம் 2623, நையோபியம் 2477 என்று மற்றவை அதற்குக் கீழே வரிசையாக நிற்கின்றன. இந்த ஐந்தையும் உயர்வெப்ப உலோகங்கள் என்று ஒரே கூட்டமாகச் சேர்ப்பது வழக்கம். உருகுநிலை இவ்வளவு உயரத்தில் இருந்தால் சூட்டில் பலமும் தானாக வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். வராது. சுத்தமான டங்ஸ்டன் கம்பியைப் பல்புக்குள் வைத்து எரித்தால், உருகுநிலைக்கு இன்னும் தொள்ளாயிரம் டிகிரி பாக்கி இருக்கும்போதே அது தன் எடையைத் தாங்காமல் தொய்கிறது.

அந்தத் தொய்வையும் அதை நிறுத்திய வழியையும் இங்கே விரிவாகப் பார்க்கலாம். பல்பு இழை பழைய சரக்குதானே என்று கேட்கலாம். பழையதுதான். ஆனால் சிக்கல் என்ன, தீர்வு என்ன, அந்தத் தீர்வு ஏன் வேலை செய்கிறது என்ற மூன்றும் முழுசாக வெளிச்சத்துக்கு வந்த உதாரணம் இந்தத் துறையில் இதைப்போல இன்னொன்று இல்லை என்பது என் எண்ணம். இன்று பேசப்படும் புதிய கலவைகளை எடைபோடுவதற்கும் இது நல்ல படிக்கல்.

சுமை எவ்வளவு, சூடு எவ்வளவு

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 40 மைக்ரான் தடிமனுள்ள நேரான டங்ஸ்டன் கம்பி, 1 செ.மீ இடைவெளியில் இரு முனையிலும் தாங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டங்ஸ்டனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.25 கிராம். கம்பியின் சொந்த எடையால் நடுவில் உண்டாகும் வளைவுத் தகைவை (ஓரலகு பரப்பில் விழும் விசையை) கணக்கிட்டால் சுமார் 0.47 மெகாபாஸ்கல் வருகிறது. அரை மெகாபாஸ்கல்கூட இல்லை. நன்றாக இழுத்த டங்ஸ்டன் கம்பி அறை வெப்பநிலையில் 2000 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும். ஆக, சாதாரண அர்த்தத்தில் பலம் என்று நாம் சொல்வது இங்கே கேள்வியே இல்லை.

கேள்வி நேரத்தைப் பற்றியது. இழை எரியும்போது சுமார் 2800 கெல்வின், அதாவது 2500 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு. டங்ஸ்டனின் உருகுநிலையைக் கெல்வினில் சொன்னால் 3695. இரண்டையும் வகுத்தால் 0.76. இந்த விகிதம் 0.5ஐத் தாண்டினாலே அணுக்கள் இடம் மாறத் தொடங்கிவிடும், 0.76இல் அவை ஓய்வதே இல்லை. அரை மெகாபாஸ்கல் சுமை ஒரு நிமிடத்தில் ஒன்றும் செய்யாது. ஆயிரம் மணி நேரம் விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுத்துவிடும். க்ரீப் என்பது இதுதான். உயர்வெப்ப உலோகங்களில் சூட்டுப் பலம் என்ற பேச்சு வந்தால் பெரும்பாலும் க்ரீப்பைப் பற்றித்தான் பேச்சு என்று எடுத்துக்கொள்ளலாம். இழுவைப் பரிசோதனையில் ஒரு கம்பியைச் சில நிமிடங்களில் அறுத்து எடுக்கும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கலவையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த எண் பொய்யில்லை, வேறொரு கேள்விக்கான பதில்.

தொய்ந்தால் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1913இல் இர்விங் லாங்மியூர் பல்புக்குள் வாயுவை நிரப்பி, இழையைச் சுருளாகச் சுற்றினார். வாயு இருந்தால் டங்ஸ்டன் ஆவியாவது குறையும். ஆனால் வாயு வெப்பத்தையும் கொண்டுபோய்விடும். சூடான இழையைச் சுற்றி வாயு ஒரு மெல்லிய உறைபோல அசையாமல் நிற்பதால், இழப்பு பெரும்பாலும் இழையின் நீளத்தைப் பொறுத்தே அமைகிறது. தடிமனால் அவ்வளவு மாறுவதில்லை. எனவே நெருக்கமான சுருள் லாபம். சுருள் தொய்ந்து சில இடத்தில் விரிந்தால் அங்கே வெப்பம் வீணாகும். சில இடத்தில் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டால் மின்னோட்டம் குறுக்கே பாய்ந்து, மிச்சமுள்ள சுற்றுகள் அளவுக்கு மீறிச் சூடாகி அறுந்துபோகும். சுருள் வந்ததும் தொய்வு, அழகு குறைவதோடு நிற்கும் குறையாக இல்லாமல் பல்பையே கொல்லும் குறையாக மாறிவிட்டது.

மூங்கில் கணு

தொய்ந்த சுத்த டங்ஸ்டன் இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். டைக்குள் (துளையுள்ள கடின அச்சுக்குள்) விட்டு இழுத்த புதுக் கம்பியில் படிகத் துகள்கள் கம்பியின் நீளவாக்கில் மெல்லிய நார்களாக நெருங்கிக் கிடக்கும். அந்த நார் அமைப்புதான் கம்பிக்கு அறை வெப்பநிலையில் வளையும் தன்மையையும் பலத்தையும் தருகிறது. சூடேற்றினால் மறுபடிகமாதல் நடக்கிறது: நார்கள் அழிந்து புதுத் துகள்கள் பிறந்து வளர்கின்றன. சுத்த டங்ஸ்டனில் அவை கம்பியின் முழுத் தடிமனையும் அடைக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும். ஒரு துகள் முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லை கம்பியின் குறுக்கே நேர்வெட்டாக நிற்கும். துறையில் இதை மூங்கில் அமைப்பு என்பார்கள்; பெயர் பொருத்தம்தான், கணுக்கணுவாகத்தான் இருக்கும்.

உயர் வெப்பத்தில் துகள் எல்லைகள் பலவீனமான இடம். அறை வெப்பநிலையில் எல்லைகள் டிஸ்லொகேஷன்களை, அதாவது படிக அடுக்கில் நகரும் பிசகுகளை, மறித்து உலோகத்துக்குப் பலம் சேர்க்கின்றன. துகள் சிறுக்கச் சிறுக்கப் பலம் கூடும் என்று பாடத்தில் படிப்பதெல்லாம் அங்கே சரி. 0.5 விகிதத்தைத் தாண்டியபின் கதை தலைகீழாகிறது. அணுக்கள் எல்லை வழியாக எளிதில் ஓடுகின்றன, ஒரு துகள் இன்னொன்றின் மேல் வழுக்குகிறது. எல்லை வழியே அணு ஓடி நடக்கும் க்ரீப்பில், வேகம் துகள் அளவின் மும்மடிக்கு எதிர்விகிதம். துகளுக்குள் ஊடுருவி நடப்பதில் இருமடிக்கு எதிர்விகிதம். துகளைப் பாதியாக்கினால் முதல் வகை எட்டு மடங்கு வேகமாகிறது.

அப்படியானால் பெரிய துகள் நல்லதுதானே? அங்கேதான் மூங்கில் அமைப்பு குறுக்கே வருகிறது. துகள் பெரிதுதான், ஆனால் எல்லை கம்பியைக் குறுக்காக வெட்டுவதால் வழுக்குவதற்கு வழி திறந்தே கிடக்கிறது. ஓர் எல்லை வழுக்கினால் கம்பி அந்த இடத்தில் படி வைத்ததுபோல் விலகிக்கொள்ளும். கடத்தும் குறுக்குப் பரப்பு குறைந்து, அங்கே சூடு கூடி, அதுவே அறுந்துபோகும் இடமும் ஆகும்.

முதலில் கையாண்ட வழி தோரியா, அதாவது தோரியம் ஆக்சைடு. வில்லியம் கூலிட்ஜ் அமெரிக்காவின் ஷெனெக்டடியில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் 1910 வாக்கில் டங்ஸ்டனை வளையும் கம்பியாக இழுத்துக் காட்டினார். அதற்கு முன், 1904இல் புடாபெஸ்ட்டில் ஷாண்டோர் யூஸ்ட்டும் ஃப்ரான்யோ ஹனமானும் காப்புரிமை பெற்ற டங்ஸ்டன் இழைகள் நொறுங்கும் தன்மையோடு இருந்தன. கம்பியில் ஒன்றிரண்டு விழுக்காடு தோரியம் ஆக்சைடைக் கலந்தால் துகள் வளர்ச்சி அடங்கியது, மூங்கில் கணுக்கள் வரவில்லை. ஆனால் துகள்கள் சிறியதாகவே தங்கிவிட்டதால், மேலே சொன்ன மும்மடிக் கணக்குப்படி தொய்வு வேறு வழியாக வந்தது. அதிர்வு தாங்க வேண்டிய இடத்துக்கு அந்தக் கம்பி சரி, சுருளுக்குச் சரிப்படவில்லை.

வேண்டியது இரண்டுக்கும் நடுவில் ஒன்று: துகள்கள் நீளமாக வளர வேண்டும், அதே சமயம் எல்லைகள் குறுக்கே வரக்கூடாது. ஒன்றுக்குள் ஒன்று செருகிய நீண்ட துகள்கள். இதைச் சொல்வது சுலபம். 1910களில் இதற்கு என்ன சேர்க்க வேண்டும் என்று யாராலும் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்க முடியாது.

களிமண் மூசையும் 218ஆம் முயற்சியும்

வழி தற்செயலாகவே வந்தது. டங்ஸ்டன் ஆக்சைடைச் சூடேற்ற லண்டன் பாட்டர்சியில் செய்த களிமண் மூசைகள் (சூடு தாங்கும் கிண்ணங்கள்) பயன்பட்டன. அவற்றில் சூடேற்றிய ஆக்சைடிலிருந்து செய்த கம்பிகள் மற்றவற்றைவிடக் குறைவாகத் தொய்வதைக் கூலிட்ஜின் ஆய்வகத்தில் கவனித்தார்கள். மூசையிலிருந்து எதுவோ உள்ளே போகிறது. களிமண் என்றால் அலுமினா, சிலிக்கா, கூடவே கொஞ்சம் பொட்டாசியம்.

மூசையை நம்பாமல் அந்தப் பொருள்களை வேண்டுமென்றே சேர்க்கலாம் என்ற வேலையை முடித்துக் காட்டியவர் ஆலடார் பாட்ஸ். ஹங்கேரியில் பிறந்தவர், க்ளீவ்லாண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்தவர். டங்ஸ்டன் ஆக்சைடில் கார சிலிகேட்டைச் சேர்க்கும் முறைக்கு 1917இல் விண்ணப்பித்தார், 1922இல் காப்புரிமை கிடைத்தது. அந்தக் கம்பிக்கு 218 என்றே பெயர் நிலைத்துவிட்டது; அவருடைய 218ஆவது முயற்சி அது என்று சொல்வார்கள். இதே மனிதர்தான் அலுமினியம்-சிலிக்கான் வார்ப்பில் துளி சோடியம் உப்பைச் சேர்த்தால் அமைப்பு நுண்மையாகி வார்ப்பு உறுதியாகும் என்றும் கண்டுபிடித்தார். கார உலோகத்தோடு அவருக்கு அப்படி ஒரு ராசி.

சரி, சேர்த்தாயிற்று, தொய்வு நின்றது. ஏன் நின்றது என்பது ஏறக்குறைய அரை நூற்றாண்டு புதிராகவே இருந்தது. முடிவான கம்பியைப் பகுப்பாய்வு செய்தால் அலுமினியமும் சிலிக்கானும் ஏறக்குறைய இல்லை. பொட்டாசியம் மட்டும் பத்து லட்சத்தில் 60 முதல் 90 பங்கு. டங்ஸ்டனில் கரையவே கரையாத, 759 டிகிரியில் கொதிக்கும் ஓர் உலோகம் 2500 டிகிரிக் கம்பிக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது? 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் மெல்லிய சீவல்களைப் பார்த்தபோதுதான் விடை தெரிந்தது. கம்பியின் நீளவாக்கில் வரிசை வரிசையாகக் குமிழிகள். ஒவ்வொன்றும் சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரை. உள்ளே இருப்பது பொட்டாசியம்.

குமிழி எப்படி உள்ளே போகிறது

இந்தப் பகுதிதான் எனக்கு இந்த முழுக்கதையிலும் பிடித்தது. கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

தொடக்கப் பொருள் அம்மோனியம் பாராடங்ஸ்டேட் என்ற டங்ஸ்டன் உப்பு. அதைச் சூடாக்கினால் ஓரளவு ஒடுக்கமடைந்த (ஆக்சிஜன் குறைந்த) நீல ஆக்சைடு வரும். அதன்மேல் பொட்டாசியம் சிலிகேட் கரைசலையும் ஓர் அலுமினிய உப்புக் கரைசலையும் ஊற்றி உலர்த்துகிறார்கள். பிறகு ஹைட்ரஜனில் ஒடுக்கம். ஒடுக்கத்தின்போது நீராவியும் உண்டாவதால் டங்ஸ்டன் ஒரு வாயுச் சேர்மமாக எழும்பி வேறிடத்தில் உலோகமாகப் படிகிறது. இப்படிப் படிந்து படிந்து வளரும் உலோகத் துகள், பக்கத்தில் கிடக்கும் பொட்டாசியம் அலுமினோசிலிகேட் பொடியைத் தன்னுள் மூடிக்கொள்கிறது. வெளியே ஒட்டியிருப்பதை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் கழுவி எடுத்துவிடுவார்கள். உள்ளே மாட்டியதை அமிலம் தொட முடியாது.

அடுத்து பொடியை அழுத்திக் கட்டியாக்கி, அதன் வழியாகவே மின்னோட்டம் பாய்ச்சி சின்டரிங், அதாவது உருக்காமலே சூட்டில் பொடியை ஒட்டவைப்பது. சூடு கிட்டத்தட்ட 3000 டிகிரிக்குப் பக்கத்தில் போகும். இந்தச் சூட்டில் சிலிகேட் சிதைகிறது. அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் மூன்றும் டங்ஸ்டன் வழியாக ஊடுருவி வெளியேறிவிடுகின்றன. பொட்டாசியத்தால் முடியவில்லை. அதன் அணு ஆரம் 0.227 நானோமீட்டர், டங்ஸ்டனுடையது 0.139. அவ்வளவு பெரிய அணுவுக்கு டங்ஸ்டன் படிகத்தில் உட்காரவும் இடமில்லை, நடக்கவும் வழியில்லை. ஆக அலுமினியமும் சிலிக்கானும் பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப்போன வண்டிகள். பொட்டாசியம் சின்ன ஓட்டைகளில் சிறைப்பட்டு நிற்கிறது.

பிறகு ஸ்வேஜிங் (சுற்றிலும் அடித்துத் தண்டை மெலியவைப்பது), பிறகு டைக்குள் இழுப்பு. 4 மி.மீ தண்டு 40 மைக்ரான் கம்பியாகும்போது நீளம் 10,000 மடங்காகிறது. ஓட்டைகளும் கூடவே நீண்டு மெல்லிய குழாய்களாகின்றன. இடையிடையே பதப்படுத்தும்போதும் கடைசியில் முதல்முறை எரியவிடும்போதும் அந்தக் குழாய்கள் உருண்டைகளாக அறுபடுகின்றன. மெல்லிய நீர்த்தாரை சொட்டுகளாக உடைவதற்கும் இதே பரப்பு இழுவிசைதான் காரணம். ஒவ்வொரு குழாயும் கம்பியின் அச்சுக்கு இணையான ஒரு குமிழி வரிசையாகிறது.

மறுபடிகமாதல் தொடங்கும்போது நகரும் துகள் எல்லைக்கு இந்த வரிசைகள் வேலிபோல் அமைகின்றன. வரிசைகளுக்கு நடுவே நீளவாக்கில் நகரத் தடை குறைவு. வரிசையைக் குறுக்கே தாண்ட வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான குமிழிகளிலிருந்து ஒரே நேரத்தில் பிய்த்துக்கொள்ள வேண்டும். எல்லை நீளவாக்கில் ஓடுகிறது, பக்கவாட்டில் திணறுகிறது. கிடைப்பது நாம் கேட்ட அதே அமைப்பு: நீளம் அகலத்தைவிடப் பல மடங்கான, ஒன்றுக்குள் ஒன்று நெளிந்து செருகிய துகள்கள். சுத்த டங்ஸ்டன் கம்பி 1200 முதல் 1500 டிகிரிக்குள் மறுபடிகமாகிவிடும். இந்தக் கம்பியில் பெரிய துகள்கள் தோன்றவே 1800 டிகிரியைத் தாண்ட வேண்டும்.

ஏன் குமிழி கரைவதில்லை

மற்ற வழிகளைவிட இது எங்கே உயர்ந்து நிற்கிறது என்பதற்கு இங்கே இன்னொரு கணக்கு தேவை.

10 நானோமீட்டர் ஆரமுள்ள ஒரு குமிழியை எடுத்துக்கொள்வோம். டங்ஸ்டனின் பரப்பு ஆற்றல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.5 ஜூல். குமிழியை மூடிவிடப் பார்க்கும் அழுத்தம் இந்த எண்ணின் இருமடங்கை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது: 500 மெகாபாஸ்கல், சுமார் 5000 வளிமண்டலம். சமநிலை வேண்டுமென்றால் உள்ளே பொட்டாசியம் ஆவி அதே அழுத்தத்தோடு எதிர்த்துத் தள்ள வேண்டும். இப்போது குமிழி கொஞ்சம் பெரிதாகப் பார்க்கிறது என்று வைப்போம். உள்ளே பொட்டாசியத்தின் அளவு மாறாது. கன அளவு ஆரத்தின் மும்மடி என்பதால் வாயு அழுத்தம் வேகமாகச் சரிகிறது; மூடப் பார்க்கும் அழுத்தமோ ஆரத்துக்கு நேர் எதிர்விகிதத்தில் மெதுவாகத்தான் சரிகிறது. மூடும் கை ஓங்க, குமிழி பழைய அளவுக்கே திரும்புகிறது. சுருங்கப் பார்த்தாலும் இதே கணக்கு எதிர்ப்பக்கம் வேலை செய்து தடுக்கிறது.

இழையின் சுமை அரை மெகாபாஸ்கல் என்று தொடக்கத்தில் பார்த்தோம். 500க்கு முன் 0.5 எதுவுமே இல்லை. ஆனால் ஒரு குமிழி 1 மைக்ரான் ஆரத்துக்கு வளர்ந்துவிட்டால் மூடும் அழுத்தம் 5 மெகாபாஸ்கலாக இறங்கிவிடும். அப்போது சுமையின் இழுப்பு அலட்சியப்படுத்தக்கூடிய அளவில் இருக்காது. துகள் எல்லையில் உட்கார்ந்த அத்தகைய பெரிய குமிழி, வெடிப்பு தொடங்கும் குழி ஆகிவிடும். கம்பி இழுக்கும்போது இடைப் பதப்படுத்தலின் சூட்டைக் கறாராகக் கட்டுப்படுத்துவது இதனால்தான். அளவுக்கு மீறிச் சூடாக்கினால் குழாய்கள் போதிய அளவு மெலிவதற்குள்ளேயே பெரிய குமிழிகளாக உடைந்து, கம்பி பார்க்க நன்றாக இருந்தாலும் எரியும்போது தொய்யும்.

சாதாரணத் துகள் வலுவூட்டலில் கார்பைடோ ஆக்சைடோ உலோகத்துக்குள் தூவிக் கிடக்கும். சூடு கூடினால் சின்னத் துகள் கரைந்து, அதன் அணுக்கள் உலோகம் வழியாக நடந்து பெரிய துகளில் சேர்ந்துகொள்ளும். எண்ணிக்கை குறையும், இடைவெளி கூடும், பலம் போகும். இந்தக் கரடாதலின் வேகத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: உலோகத்தில் எவ்வளவு கரையும், எவ்வளவு வேகமாக ஊடுருவும். பொட்டாசியத்துக்கு இரண்டுமே ஏறக்குறைய பூஜ்யம். ஆவியாகக் கொதிக்கும் ஒன்றைப் பலப்படுத்தும் பொருளாக யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் நிலைத்திருக்கும் திறனில் கடினமான கார்பைடுகளை அது தோற்கடிக்கிறது.

மாலிப்டினத்தில் இதே படம்

இந்த உதாரணத்தின் பாடம் டங்ஸ்டன் கம்பியோடு நிற்கிறதா என்று பார்க்க மாலிப்டினம் நல்ல இடம். வெற்றிட உலைகளின் சூடேற்றும் பட்டைகள், தட்டுகள், தாங்கிகள் பெரும்பாலும் மாலிப்டினம். சுத்த மாலிப்டினம் சுமார் 1100 டிகிரியில் முழுக்க மறுபடிகமாகிவிடும். அதன்பின் உலையைக் குளிரவிட்டு எடுத்தால் பட்டை கையில் தட்டினாலே உடையும்.

டி.இசட்.எம் கலவை இதற்கு ஒரு விடை: 0.5 விழுக்காடு டைட்டானியம், 0.08 சிர்க்கோனியம், 0.01 முதல் 0.04 வரை கார்பன். நுண்ணிய கார்பைடுகளும் ஆக்சைடுகளும் டிஸ்லொகேஷன்களை மறிக்கின்றன. மறுபடிகமாதல் சுமார் 1400 டிகிரிக்குத் தள்ளிப்போகிறது. எக்ஸ்ரே குழாயில் சுழலும் ஆனோடுக்கும், நிக்கல் கலவைகளைச் சம வெப்பத்தில் அடித்து உருவாக்கும் டைகளுக்கும் இது போகிறது. டைட்டானியத்துக்குப் பதில் ஹாஃப்னியம் போட்ட கலவை 1500 டிகிரியைத் தாண்டியும் நிற்கும். ஹாஃப்னியம் கார்பைடு சுமார் 3900 டிகிரியில்தான் உருகும், ஹாஃப்னியம் அணு நடப்பதும் மெதுவாகத்தான். டங்ஸ்டனோடு ரேனியமும் ஹாஃப்னியம் கார்பைடும் சேர்த்த கலவைகளை நாசாவின் லூயிஸ் ஆய்வு மையம் நீண்டகாலம் ஆராய்ந்தது. கனமான சுமை, குறைந்த நேரம், 2000 டிகிரியை ஒட்டிய சூடு என்றால் அவை நிஜமாகவே பலசாலிகள். ஆயிரக்கணக்கான மணி நேரம் இன்னும் மேலே போனால் கரடாதல் தன் வேலையைக் காட்டும்.

ஆனால் டங்ஸ்டன் குமிழிகளுக்கு உண்மையான உறவுக்காரர் லாந்தனம் ஆக்சைடு சேர்த்த மாலிப்டினம். அரை விழுக்காட்டை ஒட்டிய அளவில் லாந்தனம் ஆக்சைடு. தகடாக உருட்டும்போது இந்த ஆக்சைடுத் துகள்கள் உடைந்து தனியே நிற்காமல் உலோகத்தோடு சேர்ந்து நீள்கின்றன, பிறகு வரிசைகளாகின்றன. மறுபடிகமானபின் நீண்டு செருகிய துகள்கள் அடுக்காக வருகின்றன. இழுவைப் பலத்தில் டி.இசட்.எம் முந்தும், ஆனால் மறுபடிகமானபிறகும் அறை வெப்பநிலையில் கொஞ்சம் வளைந்து கொடுப்பதில் லாந்தனத் தகடுதான் கெட்டி. அடிக்கடி சூடாக்கிக் குளிரவைக்கும் உலைப் பட்டைக்கு நான் எப்போதும் இதையே சொல்வேன். டி.இசட்.எம் என்ற பெயர் பிரபலம் என்பதற்காக அதை வாங்கிப் போடுவது வீண் செலவு.

எல்லை எங்கே

குமிழி வழிக்குப் பெரிய ஒரு நிபந்தனை உண்டு: நிறைய இழுக்க வேண்டும். கம்பியில் 10,000 மடங்கு நீட்டல் சாத்தியம். கனமான தகட்டிலோ தண்டிலோ அந்த அளவு உருக்குலைவைக் கொடுக்க முடியாது. ஓட்டைகள் போதிய அளவு மெலியாது, வரிசைகள் அடர்த்தியாகாது. அணுக்கரு இணைவு உலைகளின் சுவருக்காகப் பொட்டாசியம் சேர்த்த டங்ஸ்டன் தகடுகள் ஆராயப்படுகின்றன, மறுபடிகமாதல் அங்கேயும் தள்ளிப்போகிறது. ஆனாலும் இழையில் கிடைத்த பாய்ச்சலை அங்கே எதிர்பார்க்கக்கூடாது.

இன்னொரு குறை நொறுங்கும் தன்மை. மறுபடிகமான டங்ஸ்டன், குமிழி இருந்தாலும், குளிர்ந்த நிலையில் அதிர்ச்சி தாங்காது. அதிர்வுள்ள இடங்களுக்கான இழைகளில் பொட்டாசியத்தோடு 3 விழுக்காடு ரேனியமும் சேர்ப்பார்கள். ரேனியம் டங்ஸ்டனை வளையவைக்கும் என்பது 1955இலேயே தெரிந்த விஷயம். விலையும் அதே அளவு தெரிந்த விஷயம், அதனால் தேவைக்கு மேல் யாரும் போடுவதில்லை.

காற்றைப் பற்றி ஒரு வரியாவது சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன எல்லாமே வெற்றிடத்திலோ மந்த வாயுவிலோ ஹைட்ரஜனிலோதான். மாலிப்டினத்தின் ஆக்சைடு 795 டிகிரியில் உருகி, அதற்கு முன்பே ஆவியாகத் தொடங்கிவிடும். காற்றில் சிவக்கக் காய்ச்சிய மாலிப்டினம் புகையாகவே போய்விடும். அப்போலோ சந்திரக் கலத்தின் எஞ்சினில் பயன்பட்ட சி-103 நையோபியம் கலவைக்கு (10 விழுக்காடு ஹாஃப்னியம், 1 விழுக்காடு டைட்டானியம்) சிலிசைடுப் பூச்சு பூசுவதும் இதற்காகத்தான். பலத்தைக் கூட்டும் சேர்மானமும் ஆக்சிஜனைத் தடுக்கும் பூச்சும் தனித்தனி வேலைகள். ஒரே கலவை இரண்டையும் செய்துவிடும் என்ற வாக்குறுதியை நம்ப எனக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை.

புதிய கலவைகளை இந்தக் கண்ணால் பார்த்தால்

2010 வாக்கில் உலோக ஆய்வாளர் ஒலெக் சென்கோவும் அவருடைய குழுவினரும் நையோபியம், மாலிப்டினம், டான்டலம், டங்ஸ்டன் நான்கையும் ஏறக்குறைய சம அளவில் உருக்கிச் சேர்த்தார்கள். அதனோடு வனேடியத்தைச் சேர்த்து இன்னொன்றும். 1600 டிகிரியில் அமுக்கிப் பார்த்தபோது விளைவுத் தகைவு (உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) முறையே 405, 477 மெகாபாஸ்கல். நிக்கல் கலவைகள் உருகியே போயிருக்கும் சூடு அது. எண்கள் பிரமாதம், சந்தேகமில்லை. இங்கே பலம் வருவது பல அளவு அணுக்கள் ஒரே படிகத்தில் கலந்து கிடப்பதால் டிஸ்லொகேஷன் சுலபமாக நகர முடியாமல் போவதிலிருந்து.

ஆனால் இவை அமுக்கிப் பார்த்த எண்கள், அதுவும் குறுகிய நேரச் சோதனை. அந்த முதல் கலவையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 13.75 கிராம். அறை வெப்பநிலையில் வளைய மறுக்கும். வளையும்படி ஹாஃப்னியம், சிர்க்கோனியம், டைட்டானியம் சேர்த்த இன்னொரு கலவை அறை வெப்பநிலையில் 929 மெகாபாஸ்கல் காட்டியது. 1200 டிகிரியில் அதுவே 92ஆக விழுந்தது. வளைய வைக்கும் அதே தனிமங்கள் உருகுநிலையைக் கீழே இழுத்து, சூட்டில் அணு ஓட்டத்தை அவிழ்த்துவிடுகின்றன.

இழையின் அனுபவத்திலிருந்து இவற்றிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவாகவே இருக்கின்றன. ஆயிரம் மணி நேரம், சொற்பச் சுமை, விடாத சூடு: அப்போது துகள் எல்லைகள் எங்கே நிற்கின்றன? எல்லையை நிறுத்திவைக்க உள்ளே என்ன இருக்கிறது? அது அந்தச் சூட்டில் உலோகத்தில் எவ்வளவு கரைகிறது, எவ்வளவு நடக்கிறது? சம அளவில் கலந்த கலவைகளில் அணு ஓட்டம் மந்தமாகவே இருக்கும் என்று ஒரு காலத்தில் பொதுவாகச் சொன்னார்கள். எல்லாக் கலவைக்கும் அது பொருந்தவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அதனால் கலப்பு ஒன்றையே நம்பாமல் கார்பைடு, நைட்ரைடு, ஆக்சைடு தூவிய வடிவங்களும் சோதிக்கப்படுகின்றன. அவற்றில் எதை எடுத்தாலும், இழுவைப் பலத்தின் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன், நூறு மணி நேரம் சூட்டில் வைத்து எடுத்த துண்டின் குறுக்குவெட்டுப் படத்தைக் கேட்டு வாங்கி, துகள்களின் அளவும் இடைவெளியும் தொடக்கத்தில் இருந்ததோடு எவ்வளவு மாறியிருக்கின்றன என்று அளந்துவிடுவது நல்லது.